மாட்டினவன் ஏறணும்

எனக்குப் பயம் ஜாஸ்தி. ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். மெக்கானிக் ஜேசுபாதமா, அவன் வாய்க்கொழுப்புப் பிடித்தவன், கார் வைத்திருக்கிற முதலாளிமாரையே வாசலில் நிற்கவைத்துக் கண்டபடி வைகிறவன் என்பார்கள். வைகிறவனுக்குப் பயம் இருக்காது என்று எந்த மடையன் சொன்னான்? பயம் வருகிறபோதெல்லாம்தான் நான் வைவேன். மூன்று தலைமுறையாக முத்துக் குளித்த வீட்டில் பிறந்துவிட்டு, கடலைக் கண்டு பயந்துதான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். இப்போது சொல்லப்போவதும் பயத்தால் வந்த வினைதான். வேறு யார் மேலும் பழியைப் போட எனக்கு வழியில்லை.

அது நாற்பத்தேழாம் வருஷம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பஞ்சுக் கம்பெனித் துரை ஒருவர் கப்பல் ஏறும்போது, தம்முடைய பழைய எம்.ஜி. வண்டியை உப்பு வியாபாரம் செய்கிற மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம், தலைக்கு மேலே கித்தான். மந்திரமூர்த்திக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. உப்பளம், சீமெண்ணெய் டிப்போ எல்லாம் அப்பா சம்பாதித்து வைத்தது. பிள்ளைக்கு வேகம் ஒன்றில்தான் கண்.

துரை போன பிறகு ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து தோணியில் இறக்கி, வண்டியில் ஏற்றி, என் பட்டறை வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு சூப்பர்சார்ஜர் இருந்தது. துரை தமக்கென்று சீமையிலிருந்து வரவழைத்தது, அவர் போனபின் வந்திருக்கிறது. அதுவரை நான் அந்தச் சாமானைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எஞ்சின் தானாக மூச்சு இழுக்கிற ஜாதி. இது காற்றையும் பெட்ரோலையும் அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். பசிக்கிறவனுக்குச் சோறு போடுவது வேறு, வாயைப் பிளந்து திணிப்பது வேறு. பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

“வே ஜேசுபாதம், இத மாட்டுனா வண்டி எம்புட்டு ஸ்பீடு போவும்?” என்று மந்திரமூர்த்தி கேட்டார்.

“வண்டி நல்லாவே போவும் அண்ணாச்சி. கூட நீரும் போயிருவீரு.”

“ஒம்ம வாய்க்கு ஒரு சூப்பர்சார்ஜரும் தேவையில்ல,” என்று சிரித்தார். “தை மாசம் மெட்ராஸ்ல ரேஸ் இருக்கு. அதுக்குள்ள மாட்டணும். ஒம்மால முடியலன்னா சொல்லும், மெட்ராசுக்கே அனுப்பிருதேன்.”

முடியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது ஒரு பெரிய சனியன்.

என்னோடு வேலை பார்த்தவன் இன்னாசி. என் தங்கை அற்புதமணியின் வீட்டுக்காரன். மார்கழியிலிருந்து சித்திரை வரை சங்கு குளிப்பான், மற்ற மாதங்களில் பட்டறைக்கு வருவான். பொறுமைசாலி, கை சுத்தம். ஆனால் பன்னிரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு ஆள் ஆழத்தில் குதித்துக் குதித்து இரண்டு காதும் உடைந்துபோயிருந்தன. முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் கேட்கும். உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வான்.

இன்னாசிக்குக் கடலில் கயிறு பிடிப்பவன் நான்தான். எங்கள் கரையில் குளியாள் குதிக்கும்போது அவனுடைய கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவன் இருந்தாலும் அவன் கையில் கொடுக்க மாட்டார்கள். தங்கச்சி தாலியறுக்க எந்த மச்சானும் விடமாட்டான், அதனால் அவன் கைதான் அசராது என்று எங்கள் ஆட்களின் நினைப்பு. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அவன் சுண்டாமலே மேலேயிருந்து இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுறா தெரிகிறது, மடியில் உள்ளதைப் போட்டுவிட்டு வா, ஏன் எதற்கு என்று கேட்காதே.

ஐந்து சீசன் அவனுக்குக் கயிறு பிடித்திருக்கிறேன். காலையில் கடல், பொழுது சாய்ந்தால் பட்டறை. வள்ளத்தில் இருக்கிற நேரமெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்த்தபடியே இருக்கும். இரண்டு தடவை அவன் சுண்டாமலே இழுத்திருக்கிறேன். ஒரு தடவை நிஜமாகவே சுறா வந்தது. இன்னொரு தடவை அது வள்ளத்துப் பாய்மரப் பாயின் நிழல். வள்ளத்தில் எல்லோரும் என்னைக் கேலி பண்ணினார்கள். இன்னாசி மட்டும் தண்ணீரைத் துப்பிவிட்டு, “சிரிக்காதீங்கலே. பயப்படாதவன் கையில கயிறக் குடுத்துட்டு எவன் குதிப்பான்?” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

சூப்பர்சார்ஜரை மாட்ட ஒன்பது நாள் ஆயிற்று. புரட்டாசிக் காற்றில் உப்பும் மணலும் பறக்கிற ஊரில் இந்த வேலை ஒரு தண்டனை. உள்ளே இரண்டு உருளை, ஒன்றையொன்று தொடாமல் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு தலைமயிர் இடைவெளி. ஒரு மணல் விழுந்தால் போச்சு. சுற்றிலும் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு உள்ளே இருட்டில் வேலை பார்த்தோம். கார்புரேட்டரைக் கழற்றி இதன் மேல் மாட்டி, கிராங்க் முனையில் புதிய புல்லி போட்டு, பெல்ட் இழுத்து, இங்கிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த குழாய். குழாயின் மேல் சின்ன வால்வு ஒன்று. எஞ்சின் எதிர்வெடி வெடித்தால் அது திறந்து நெருப்பை வெளியே விடும்.

பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. என் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டுகிற இங்கிலீஷ். நாசரேத்தில் படித்த டைப்பிஸ்ட் ஜெபசீலனிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மேஸ்திரி, இத ரெண்டு தடவ கோடு போட்டு அச்சடிச்சிருக்கான். உசத்தியான பெட்ரோல்தான் ஊத்தணுமாம். மட்டமானத ஊத்தி வேகமாப் போனா, நேரத்துக்கு முந்தியே தீப் புடிச்சி பிஸ்டன ஓட்ட போட்டுருமாம். நெருப்பு திரும்பி வந்து மெஷினே வெடிச்சிருமாம்.”

“வெடிச்சா எங்க வெடிக்கும்?”

“ஓட்டுதவன் காலுக்கு முன்னால, வேற எங்க?”

மந்திரமூர்த்தியிடம் சொன்னேன். கூப்பனுக்கு வாங்கிய நல்ல பெட்ரோல் இரண்டு டின் வீட்டில் தனியாக இருக்கிறது என்றார். அதோடு அந்தக் கவலையை விட்டேன்.

எட்டாம் நாள் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். இன்னாசி உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். நான் பானெட்டுக்கு மேலே குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். என் காதுக்கு ஊரில் பேர் உண்டு. நாலு சிலிண்டரில் எது நொண்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் முனகியது. பிறகு நாய் ஊளையிடுவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தது. திடீரென்று படார் என்று ஒரு சத்தம். வால்வு திறந்து, கை நீளத்துக்குத் தீ என் முகத்துக்குப் பக்கத்தில் போயிற்று.

டைமிங் தப்பு. நான் வைத்த தப்புதான், ஒரு பல் தள்ளி வைத்துவிட்டேன். அரைமணியில் சரிசெய்தேன். ஆனால் என் இடது புருவம் கருகிப்போயிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன். நின்ற வண்டியிலேயே இப்படி என்றால் எழுபது எண்பது மைலில் என்ன ஆகும்? கண்ணை மூடினால் அந்தத் தீதான் வந்தது. நாளைக்கு அந்த வண்டியில் நான் வேறு ஏற வேண்டும்.

ஏன் ஏற வேண்டும் என்றால், என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. மாட்டினவன் ஏறணும். எந்த வண்டியில் எந்த வேலை செய்தாலும், முதல் ஓட்டத்தில் வேலை செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அப்போதுதான் நட்டை ஒழுங்காக முறுக்குவான். அதைவிட முக்கியம், அவன் காதால் கேட்க வேண்டும். என்ன கோளாறு என்றாலும் எஞ்சின் முதலில் சத்தத்தில்தான் சொல்லும். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஓட்டம். ஆத்தூர்ப் பாலம் வரை மெதுவாகப் போய், எஞ்சின் பதமானதும் திரும்புகாலில் முத்தையாபுரத்துக்கு முன்னால் உப்பளத்துக்கு நடுவே நேராகக் கிடக்கிற ரோட்டில் முழு வேகம். மந்திரமூர்த்தி கண்ணாடியெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். அவருடைய டிரைவர் அய்யாக்குட்டிக்கு உட்கார இடம் இல்லை, பட்டறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

“டேங்க் நெறைய ஊத்துலே,” என்று அய்யாக்குட்டியிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் டின்னைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். வழக்கமாக நான் பக்கத்தில் நின்று மோந்து பார்ப்பேன். அன்றைக்கு என் யோசனை எல்லாம் எப்படித் தப்பிப்பது என்பதில் இருந்தது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நினைத்துச் செய்தேனா, தானாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செய்தேன்.

“என்ன மச்சான்?” என்று இன்னாசி குனிந்தான்.

“வயித்து வலி மாப்ளே. சுருட்டிப் புடிக்கி. நிமிர முடியல.”

என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு என் புருவத்தைப் பார்த்தான். “நீரு படுத்துக்கிடும். நானும்தான முறுக்குனேன், நான் ஏறுதேன்,” என்றான். காது கேளாதவர்களுக்கு உள்ளபடி சத்தமாகத்தான் சொன்னான். வழியில் தங்கச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பி ஓமத்தண்ணி கொண்டுவரச் சொல்கிறேன் என்றும் சொன்னான்.

வேண்டாம் மாப்ளே, உனக்குக் காது கேட்காது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தங்கை ஏழு மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஊரையே வைகிற வாய் அது. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போனபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த நிம்மதி கால்மணி நேரம்கூட நிற்கவில்லை.

அய்யாக்குட்டி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மேஸ்திரி, மொதலாளிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கேன்,” என்றான்.

“என்ன எளவு?”

“நல்ல பெட்ரோலு ரேசுக்கு வேணும்லா. இன்னைக்குச் சும்மா ஓட்டிப் பாக்கதுக்கு எதுக்கு அத வீணாக்கணும்? டிப்போவுல இருந்து சீமெண்ண எடுத்து ரெண்டுக்கு ஒண்ணு கலந்து ஊத்திட்டேன். நீரு சொல்லித் தந்ததுதான.”

நான் சொல்லித் தந்ததுதான். சண்டைக்காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த நாளிலிருந்து, தூத்துக்குடியில் டாக்ஸி, லாரி, முதலாளி வண்டி எல்லாவற்றுக்கும் சீமெண்ணெய் கலந்து ஊற்றக் கற்றுக்கொடுத்தவன் நான். எஞ்சின் சூடானபின் ஒன்றும் செய்யாது, கொஞ்சம் புகையும், அவ்வளவுதான் என்று தைரியம் சொன்னவனும் நான். சண்டை முடிந்தும் கூப்பன் முடியவில்லை, அந்தப் பழக்கமும் முடியவில்லை. டேங்க் நிறைய ஊற்று என்றால் எங்கள் ஊர் டிரைவருக்குக் கலந்து ஊற்று என்றுதான் அர்த்தம். அது எனக்கே ஞாபகம் இல்லாத அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

சாதாரண எஞ்சின் தாங்கும். இது தாங்காது. ஜெபசீலன் வாசித்த வரி அப்படியே காதில் கேட்டது. மெதுவாகப் போகிற வரை ஆபத்து இல்லை. உப்பளத்து ரோட்டில் அழுத்தி மிதித்ததும் எஞ்சின் உள்ளுக்குள் தட்ட ஆரம்பிக்கும், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்ட உடனே காலை எடுத்தால் பிழைக்கலாம். மந்திரமூர்த்திக்கு அது என்ன சத்தம் என்றே தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் காது செத்த காது. அவனை அங்கே உட்காரவைத்தவன் நான்.

“சவத்துப்பயலே, கொன்னுட்டியேலே,” என்றேன். அவனைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா, தெரியாது. வெற்றிலை எச்சில் வழிய அவன் முழித்துக்கொண்டிருந்தான். அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. ஏறிவிட்டேன்.

பட்டறையில் வேறு வண்டி ஓடுகிற நிலையில் இல்லை. ஒன்றுக்கு கியர்பாக்ஸ் கீழே கிடந்தது, இன்னொன்றுக்குச் சக்கரமே இல்லை. ஆத்தூர் பதின்மூன்று மைல். அவர்கள் மெதுவாகப் போய், பாலத்தில் நிறுத்தி, மந்திரமூர்த்தி வழக்கம்போல ஆத்தூர் வெற்றிலை இரண்டு கவுளி வாங்கி, பிறகுதான் திரும்ப வேண்டும். அதற்குள் நான் முத்தையாபுரத்தைத் தாண்டிவிட்டால் போதும். மனதுக்குள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மிதித்தேன். எதிர்க்காற்று. புரட்டாசியில் தெற்கே சைக்கிள் மிதித்தவனுக்குத்தான் தெரியும், நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும். கண்ணில் மணல், வாயில் மணல். மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே மந்திரமூர்த்தியை வைதேன், அய்யாக்குட்டியை வைதேன், சீமையில் அந்தச் சாமானைச் செய்தவனை வைதேன். கடைசியில் வைவதற்கு ஆள் தீர்ந்துபோய் என் பேர்தான் மிச்சம் இருந்தது.

முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் உப்பு வாருகிற பொம்பளை ஒருத்தி கூடையை இறக்கிவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஏளா, பச்ச வண்டி ஒண்ணு போச்சா?”

“அப்பவே தெக்க போச்சு.”

“திரும்பிட்டா?”

“இன்னும் காணல. ஒமக்கு என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு? தண்ணி குடிக்கீரா?”

இன்னும் அரை மைல் மிதித்தேன். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, அங்கங்கே வெள்ளைக் குவியல், நடுவில் ரோடு நேராகக் கிடந்தது. அதற்குமேல் கால் வரவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் அந்த ஊளை. நேற்றுப் பட்டறையில் கேட்டதைவிட உச்சத்தில், இன்னும் ஏறிக்கொண்டே வந்தது. மந்திரமூர்த்தி அழுத்தி மிதிக்கிறார். காற்று என் பக்கம் அடித்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அந்த ஊளைக்கு அடியில் இன்னொரு சத்தம். தகர டப்பா, கோலிக்குண்டு. ஆரம்பித்துவிட்டது. இத்தனை தூரத்தில் நிற்கிற எனக்குக் கேட்கிறது, வண்டிக்குள் இருக்கிற இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

ரோட்டின் நடுவில் போய் நின்றேன் என்று சொல்லத்தான் ஆசை. நடுவில் கால் வைத்தேன், வண்டி வருகிற வேகத்தைப் பார்த்து ஓரத்துக்கு வந்துவிட்டேன். கையை ஆட்டினேன், கத்தினேன். மந்திரமூர்த்தி பார்த்துவிட்டார். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தார் போல. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இன்னும் மிதித்தார். ஊளை இன்னும் ஏறியது. கோலிக்குண்டுச் சத்தமும் ஏறியது.

அப்போது என் கை தானாக வேறு வேலை செய்தது. இல்லாத கயிறு ஒன்றைப் பிடித்து இழுத்தேன். இடது கை, வலது கை, இடது கை, வலது கை. சுறா வந்த அன்றைக்கு வள்ளத்தில் நின்று எப்படி இழுத்தேனோ அப்படி, இடுப்பை வளைத்து, காலை ஊன்றி, அழுதுகொண்டே இழுத்தேன்.

இன்னாசி ஏன் என்று கேட்கவில்லை. கை நீட்டி முன்பலகையின் நடுவில் இருந்த சாவியைத் திருகிவிட்டான். ஊளை அறுந்தது. அதே நேரம் படார் என்று வெடித்து, பானெட்டின் பக்கத்து இடுக்கிலிருந்து தீ ஒரு தடவை நக்கிவிட்டு அடங்கியது. வண்டி என்னைத் தாண்டி, ஒரு உப்புக் குவியலில் பாதி ஏறி நின்றது.

ஓடிப்போய்ப் பானெட்டைத் திறந்தேன். வால்வு திறந்தபடி நின்றது, ஸ்பிரிங் கருத்துவிட்டது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றினால் முனை உருகி உருண்டையாக இருந்தது. துவாரம் வழியாகக் கம்பியை விட்டுத் தடவினேன், பிஸ்டன் தலையில் பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் வால்வு தாங்கியிருக்காது, மெஷினே வெடித்திருக்கும்.

மந்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறங்கினார். உப்பு அவர் சட்டையெல்லாம். “யாருலே சாவியத் திருப்புனது?” என்று ஆரம்பித்தவர் பிளக்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் சீமெண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னாசி என் பக்கத்தில் வந்தான். முழங்காலில் அடிபட்டு ரத்தம் கசிந்தது, வேறு காயம் இல்லை. தரையில் கிடந்த சைக்கிளைப் பார்த்தான். என் நனைந்த சட்டையைப் பார்த்தான்.

“வயித்து வலி எப்பிடி இருக்கு மச்சான்?” என்றான்.

நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனேன்.

பட்டறைக்கு லாரி பிடித்து வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் ஓமத்தண்ணிச் செம்பு. என்னைத் தேடி வந்தவள், அய்யாக்குட்டி உளறியதை எல்லாம் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறாள். முதலில் புருஷனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நிமிர முடியாத வயித்து வலியோடயா அண்ணே அம்புட்டு தூரம் சைக்கிள் மிதிச்ச?”

செம்பை பெஞ்சில் வைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓமத்தண்ணி ஆறிக் கிடந்தது. நான் குடித்தேன்.

இன்னாசி மறுநாளும் வேலைக்கு வந்தான். முன்னைப்போலவே பேசினான், முன்னைப்போலவே சிரித்தான். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து புதிய பிஸ்டன் போட்டோம். டேங்கைக் கழுவி நல்ல பெட்ரோல் ஊற்றினோம். அடுத்த ஓட்டத்துக்கு நான் ஏறினேன். உப்பளத்து ரோட்டில் எண்பத்து நாலு மைல் போனது. காதைக் கொடுத்துக் கேட்டேன், எஞ்சின் சுத்தமாகப் பாடியது. பயத்தில் எனக்குக் குளிரடித்தது, ஆனாலும் இருந்தேன். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தையில் மந்திரமூர்த்தி மெட்ராஸ் போய் நாலாவதாக வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தி மார்கழி வந்தது. சங்குக் குளியின் முதல் நாள். விடிந்தும் விடியாமலும் நான் வழக்கம்போலக் கரைக்குப் போனேன். வள்ளங்கள் வரிசையாக நின்றன. இன்னாசி, ஆளை ஆழத்துக்கு இறக்குகிற கல்லையும் கயிற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி சவேரியும் நின்றான். கொஞ்சம் தள்ளி, மணலில், ஒரு மாதக் கைக்குழந்தையைச் சீலைக்குள் போர்த்திக்கொண்டு என் தங்கை நின்றாள். பொம்பளைகள் கரைக்கு வருகிற நேரம் இல்லை அது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்குக் கை நீட்டினேன். இன்னாசியும் தரத்தான் போனான். சத்தியமாகத் தரத்தான் போனான்.

“அண்ணே,” என்றாள் தங்கை.

திரும்பினேன்.

“நீ புடிக்காண்டாம்ணே. எங்க கொளுந்தன் புடிக்கட்டும்.”

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கேட்டார்கள். கல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மச்சான் உயிரோடு கரையில் நிற்கும்போது கூடப்பிறந்தவன் கையில் கயிறு போகிறது என்றால், எங்கள் கரையில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். இன்னாசி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் புரிந்துவிட்டது. கயிற்றைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினான்.

சவேரி நல்ல பையன். பயமே கிடையாது. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டே போனான், கயிறு முழங்காலில் கிடந்தது.

கடலுக்குள் போகாமல் தப்பித்தேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. கயிறு என் கையில் இருந்தபோது பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று கரையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. வள்ளங்கள் திரும்புகிற வரை பட்டறையைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு பாயாகத் தெரிந்தது. இன்னாசி வந்த வள்ளத்தில் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர்கள் கரை ஏறுமுன் அங்கிருந்து போய்விட்டேன். அந்த சீசன் முழுக்க ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் எண்ணினேன்.